நேர்முகப் பரீட்சைக்கு முன் ஒரு கொப்பியில் ஐந்து சம்பவம் எழுதுங்கள்

நான்கு நேர்முகப் பரீட்சைகளில் தவறி, ஐந்தாவதில்தான் எனக்கு வேலை கிடைத்தது. களுவாஞ்சிக்குடியில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறித் திரிந்த அந்த மாதங்களில் படித்ததை, இப்போது வேலை தேடும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

1. தேடுதல்

அரச வேலைக்கு வெள்ளிக்கிழமை வர்த்தமானி, தனியார் வேலைக்கு டொப்ஜொப்ஸ் இணையத்தளம். வர்த்தமானி விண்ணப்பம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் மறக்க வேண்டாம். வேலை தர முன்பே காசு கேட்பவர்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

2. சுயவிபரக் கோவை

இரண்டு பக்கம் போதும். விளம்பரத்தில் கேட்ட தகுதிகள் முதல் பக்கத்திலேயே கண்ணில் பட வேண்டும். நான் கூகுள் டொக்ஸில்தான் செய்வேன், போனிலேயே திருத்தலாம்.

3. "உங்களைப் பற்றிச் சொல்லுங்க"

நான் விழுந்த இடம் இதுதான். அப்பாவின் தொழில், படித்த பள்ளிக்கூடம், ஏ.எல். பெறுபேறு என்று ஒப்புவிப்பேன். மூன்றாவது முறை, கேட்டுக்கொண்டிருந்த மேடம் சொன்னார்: "தம்பி, இதெல்லாம் கோவையில இருக்கு. நீங்க செய்த ஒரு வேலையைச் சொல்லுங்க." எனக்கு வாய் வரவில்லை. ஆனால் 2024 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் ஊரில் உலர் உணவுப் பட்டியலை எழுதியவனே நான்தான். அதை ஒரு வேலையாக நான் நினைத்ததே இல்லை.

அன்றிரவு ஒரு கொப்பி எடுத்தேன். என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி. வெள்ளச் சம்பவம் இப்படி வந்தது: "இரண்டு பட்டியலில் ஒரே பெயர்கள் வந்து சண்டை வந்தது. நான் வீடு வீடாகப் போய் அடையாள அட்டை இலக்கத்தோடு புதிதாக எழுதினேன். அடுத்த நாள் 62 குடும்பத்துக்கும் பிரச்சினையில்லாமல் கொடுத்து முடித்தோம்."

கோயில் திருவிழாக் கணக்கு, டியூஷன் கொடுத்தது, கடையில் நின்றது எல்லாம் சேரும். எழுதியதைப் போனில் பேசிப் பதிந்து கேளுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். யூடியூப் மாதிரி விடைகளைப் பாடமாக்குவதை நான் விரும்புவதில்லை. குறுக்கே ஒரு கேள்வி வந்தால் தொடர முடியாது. சொந்தச் சம்பவம் மறக்காது. ஒரு சம்பவத்தையாவது ஆங்கிலத்திலும் பேசிப் பழகுங்கள்.

4. கோப்பு

மூலச் சான்றிதழ்கள், போட்டோக்கொப்பி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம சேவகர் சான்றிதழ். கடைசியில் சொன்னதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இரண்டு கையொப்பத்துக்கும் அலைய நாள் வேண்டும்.

பின்சேர்க்கை: இதை வாசித்த அக்கரைப்பற்றுத் தங்கை ஒருவர், கொமினிகேசன் கடையில் தமிழில் அடித்த தன் சுயவிபரக் கோவை கொழும்பில் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறந்ததாக எழுதியிருந்தார். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வேர்ட் பைலாக அனுப்பியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். யுனிகோடில் அடிக்கச் சொல்லி, பிடிஎஃப் ஆக்கி, முதலில் உங்கள் போனில் திறந்து பாருங்கள். தங்கை திருத்தி அனுப்பிவிட்டார். வரும் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார்களாம்.