கணக்குச் சொற்களுக்குக் குறுக்கெழுத்து: கட்டம் போடும் முறை

வட்டம் பற்றிய பாடத்தில் ஆரம், விட்டம், பரிதி, வில், நாண் என்று ஐந்து சொற்கள் வரிசையாக வரும். ஐந்துமே கணக்குக்கு வெளியிலும் வழங்குபவை. ஆரம் கழுத்தில் கிடக்கிறது, விட்டம் ஓட்டு வீட்டின் கூரையைத் தாங்குகிறது, பரிதி காலையில் உதிக்கிறது. நாண் பூட்டிய வில்லை ஒருமுறை கரும்பலகையில் வரைந்துவிட்டால் வட்டத்தின் வில்லுக்கும் நாணுக்கும் வேறு விளக்கமே வேண்டாம். புதிர் செய்கிறவர் முதலில் தேட வேண்டியது இந்த இரட்டைப் பொருளைத்தான்.

ஆகவே குறுக்கெழுத்துக்கு முந்தின வாரம் விடுகதையில் தொடங்குங்கள். நாளுக்கு ஒன்று, 3 நிமிடம் போதும். "சேலத்துத் தேர்தலில் வடக்கு, தெற்கு, மேற்கு என்று நிற்பேன், பின்னத்தில் கோட்டுக்கு மேலே நிற்பேன்." விடை: தொகுதி. "சேர்வராயன் மலையில் உச்சி, மதிப்பெண் பட்டியலில் அதிக முறை வந்த எண்." விடை: முகடு. "கொலுசுக்கு அளவெடுக்கக் கணுக்காலைச் சுற்றிய நூலின் நீளம்." விடை: சுற்றளவு. விட்டத்துக்கு ஒரு தட்டுவடையே போதும். சரியாக மையம் வழியே உடைந்தால் உடைந்த ஓரத்தின் நீளம் விட்டம். கொஞ்சம் தள்ளி உடைந்தால் அது வெறும் நாண். இரண்டையும் உடைத்து அளவுகோலை வைத்துக் காட்டுங்கள். நாண்களில் மிக நீளமானது விட்டம் என்பது கண்ணெதிரே தெரியும்.

இனி கட்டம். தமிழில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது, மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம். செ-ங்-கோ-ண-ம்: 5 கட்டம். ஆங்கிலத்துக்கென்று செய்த புதிர் மென்பொருள்கள் பல தடுமாறுவது இங்கேதான். கணினிக்குள் 'கோ' என்பது 'க'வும் கொம்புக்குறியுமாக இரண்டு. 'ம்' என்பது 'ம'வும் புள்ளியுமாக இரண்டு. அப்படி எண்ணினால் செங்கோணத்துக்கு 9 கட்டம் வந்து நிற்கும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் போடுவதே சிக்கனம், பிழையும் வராது.

சொற்களை எங்கே வெட்டுவது? கணக்குச் சொற்கள் பெரும்பாலும் 'ம்' என்று முடியும். அந்த 'ம்'மிலேயே சொற்களைக் கோத்தால் எல்லாம் மூலையில் முட்டி நிற்கும், மேலே வளராது. நடு எழுத்தைப் பிடியுங்கள். அப்படி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். 8 பத்தி, 7 வரிசை கொண்ட கட்டம். 6ஆம் வரிசையில், முதல் பத்தியிலிருந்து குறுக்காக விரிகோணம். அதன் 'ரி'யை நடுவாக வைத்து மேலிருந்து கீழாகப் பரிதி. விரிகோணத்தின் 'ண'வை வெட்டிக்கொண்டு, 3ஆம் வரிசையில் தொடங்கிக் கீழே இறங்கும் செங்கோணம். அதே 'செ'யிலிருந்து குறுக்காகச் செவ்வகம். செவ்வகத்தின் 'க'வை வெட்டி, முதல் வரிசையிலிருந்து இறங்கும் இணைகரம். கட்டம் ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் 'கோ', 'ணை' போன்ற எழுத்துகள் நெருங்கிவிடும். இரண்டு சொற்கள் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இறங்கினால் தேவையில்லாத எழுத்துச் சேர்க்கை உண்டாகும். நடுவே ஒரு பத்தியாவது காலியாக விடுங்கள்.

இந்த ஐந்தில் நான்கு சொற்கள் ஐந்தெழுத்து. இது வேண்டுமென்றே செய்தது. கட்டத்தை எண்ணி ஊகிக்க வழியில்லாதபோது பிள்ளை குறிப்பைப் படித்தே தீர வேண்டும். அதனால் குறிப்பு இம்மியும் பிசகக் கூடாது. செவ்வகத்துக்கு "எதிர்ப்பக்கங்கள் சமமான நாற்கரம்" என்று எழுதினால் இணைகரமும் சரியான விடையாகிவிடும்; அதுவும் ஐந்தெழுத்துதான். "நான்கு கோணமும் 90°, அடுத்தடுத்த பக்கங்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை" என்றால் தகராறு இல்லை. விரிகோணத்துக்கு "90°க்கு மேல், 180°க்குக் கீழ்" என்று இரண்டு எல்லையும் வேண்டும். விடையின் பாதி குறிப்பிலேயே வரக் கூடாது: "செம்மையான கோணம்" என்று எழுதினால் கணக்குப் படிக்காதவரும் செங்கோணத்தைச் சொல்லிவிடுவார்.

பத்திரிகைக் குறுக்கெழுத்தில் வருகிற 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' இரண்டையும் பள்ளிக்கு விட்டுவிடுங்கள். எழுத்துக்கூட்டலும் பழக வேண்டிய வயது அது. குறிப்பாகக் கனம், கணம் இரண்டையும் ஒரே புதிரில் வையுங்கள்: 3 × 3 × 3 கனம், உறுப்புகளின் தொகுப்பு கணம். ன, ண மாறினால் கணக்கே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எழுத்துக் குவியலில் சொல் தேடும் புதிர் எளிது, ஆனால் பயன் குறைவு. பொருள் தெரியாமலே கண் கண்டுபிடித்துவிடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சொற்பட்டியல் தராமல் பொருளை மட்டும் தாருங்கள். காலிக் கட்டங்களை 247 எழுத்திலிருந்து கண்டபடி நிரப்பினால் 'ஙௌ', 'ஞூ' எல்லாம் வந்து உட்கார்ந்து, நடுவே உண்மைச் சொல் பளிச்சென்று தெரியும். விடைச் சொற்களின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு நிரப்புங்கள்.

வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு தாள், ஒரு பென்சில், 5 சொல்லுக்கு 12 நிமிடம். ஒருவர் குறிப்பை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் எழுதட்டும்; அடுத்த குறிப்புக்கு மாறிக்கொள்ளட்டும். மூன்றாவது புதிரிலிருந்து குறிப்புகளைப் பிள்ளைகளே எழுதலாம். எழுதியதை விடையை மறைத்து அடுத்த பெஞ்சுக்குக் கொடுங்கள். அங்கிருந்து இரண்டு விடை வந்தால், எந்தச் சொல் விடுபட்டதென்று இரு பெஞ்சும் சேர்ந்து பார்த்துத் திருத்தட்டும்.