மசாடெக் காளான் சடங்கு: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூடியூபில் 'மேஜிக் மஷ்ரூம்' என்று தேடினால் ஒரே மாதிரியான காணொளிகள் வரிசைகட்டி வரும். வண்ணங்கள் சுழலும், பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும், "மெக்ஸிகோ பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் காளானைச் சாப்பிட்டுக் கடவுளைக் கண்டார்கள்" என்று ஒரு குரல் ஆரம்பிக்கும். அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று தப்பு இருக்கிறது. எந்தப் பழங்குடி என்று சொல்லவில்லை. பல்லாயிரம் ஆண்டு என்பதற்குச் சான்று காட்டவில்லை. கடவுளைக் காண்பதற்காகத்தான் சாப்பிட்டார்கள் என்பதும் சரியில்லை. மூன்றிலும் பெரிய தப்பு கடைசியில் சொன்னதுதான். அங்கிருந்தே தொடங்கலாம்.

மசாடெக் மக்கள் தெற்கு மெக்ஸிகோவில் வஹாகா மாநிலத்தின் வடக்கு மலைகளில் வாழ்கிறார்கள். அவர்கள் மொழியைப் பேசுபவர்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். காபி விளையும் அந்த மலைகளில் வாவுட்லா டி ஹிமேனெஸ் என்ற ஊர்தான் வெளியுலகுக்குத் தெரிந்த பெயர். அங்கே ஒருவர் வீட்டில் காளான் சடங்கு நடக்கிறது என்றால், அந்த வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, மகன் ஊரைவிட்டுப் போய்ச் சேதி இல்லை, கழுதை காணாமல் போய்விட்டது, அல்லது வைத்தியம் பார்த்தும் நோய் என்னவென்று பிடிபடவில்லை. கேள்வி இருந்தால்தான் சடங்கு. நம்மூரில் குறி கேட்கப் போகிறவர் என்ன மனநிலையில் போவாரோ, ஏறக்குறைய அதே மனநிலைதான். ஒரு வித்தியாசம் உண்டு: அங்கே கேள்வி கேட்கும் நோயாளியும் பெரும்பாலும் காளானைச் சாப்பிடுகிறார்.

இந்தச் சடங்குக்கு ஸ்பானிய மொழியில் வெலாடா என்று பெயர். இரவு முழுக்கக் கண்விழித்திருப்பது. வீட்டுக்குள்ளேயே, சாமி படங்கள் வைத்த மேடைக்கு முன்னால் நடக்கும். தேன்மெழுகுத் திரிகள் எரியும். கொபால் என்ற மரப்பிசினைக் கங்கில் போட்டுப் புகை காட்டி, அந்தப் புகையில் காளானைக் காட்டி எடுப்பார்கள். காளானை ஜோடி ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், ஒற்றையாகக் கிடையாது. பச்சையாகவே மெல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் திரிகளை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு விடியும்வரை இருட்டில் பாட்டும் பிரார்த்தனையும் கைத்தட்டலும்தான். நடுவில் யாரும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. சுண்ணாம்பு கலந்து இடித்த புகையிலையைக் கைகளில் தடவுவதும் உண்டு, தீய சக்தி அண்டாமலிருக்க. முன்னும் பின்னும் நான்கு நாளாவது உடலுறவு கூடாது என்ற விரதமும் இருக்கிறது. இத்தனை கட்டுப்பாடு உள்ள ஒன்றை 'பார்ட்டி' என்ற வார்த்தைக்கு அருகில்கூடக் கொண்டுபோக முடியாது.

1958 ஜூலையில் வாவுட்லாவில் நடந்த ஒரு வெலாடா முழுவதும் ஒலிநாடாவில் பதிவாகி, பிறகு மசாடெக் மூலத்தோடும் மொழிபெயர்ப்போடும் அச்சிலும் வந்தது. நடத்தியவர் அந்த ஊர் வைத்தியர் மரியா சபினா. நோயாளி பதினேழு வயதுப் பையன். அவன் பிழைப்பானா என்பதுதான் கேள்வி. இரவு முழுக்கப் பாடி, கேட்டு, மன்றாடிய பிறகு வந்த பதில், பிழைக்க மாட்டான் என்பது. சில வாரங்களில் அவன் இறந்துவிட்டான். காளான் சடங்கை 'மனதைத் திறக்கும் அனுபவம்' என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் இந்த இரவை நினைத்துக்கொள்வது நல்லது. அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் தங்களைத் தாங்களே கண்டடைய வரவில்லை.

அடுத்து, யார் பேசுகிறார்கள் என்பதில் குழப்பம். மரியா சபினாவைக் 'கவிஞர்' என்று புகழ்கிறார்கள். பாட்டு அப்படி இருப்பது உண்மைதான். 'பிறக்கிற பெண் நான், நீருக்குள் பார்க்கிற பெண் நான், உதயதாரகைப் பெண் நான்' என்கிற மாதிரி அடுக்கிக்கொண்டே போகும் வரிகள் அவை. ஆனால் அவர் பாடும்போது வரிக்கு வரி 'த்ஸோ' என்று முடிப்பார். 'என்கிறது' என்று பொருள். அதாவது, சொல்வது நான் இல்லை, காளான் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இந்தத் 'த்ஸோ'வை இடைஞ்சல் என்று நீக்கிவிட, மிச்சமிருப்பதைப் படிக்கிறவருக்கு ஒரு பெண்ணின் தன்னம்பிக்கைக் கவிதை மாதிரித் தெரிகிறது. அவர் கணக்கில் அது தன் வாயால் வந்த இன்னொருவர் பேச்சு. படிக்கத் தெரியாத அவர், காளான் தனக்கு ஒரு புத்தகத்தைக் காட்டியதாகவும் அதிலிருந்தே வைத்தியச் சொற்களைக் கற்றதாகவும் சொல்லியிருக்கிறார்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சூரிய ஒளியாலும் நிலாக் கதிராலும் உன்னைக் குணப்படுத்திக்கொள், புதினாவைப் போடு, அன்பைச் சர்க்கரையாகச் சேர் என்று போகும் ஒரு கவிதை மரியா சபினா பெயரில் இன்ஸ்டாகிராமில் சுற்றுகிறது. தமிழிலும் பார்த்தேன். பதிவாகியிருக்கும் அவர் பாடல்களில் அந்த வரிகள் கிடையாது. அவற்றைக் கொஞ்சம் கேட்டவருக்கு இது அவர் குரல் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். பகிராதீர்கள்.

'கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய தூய ஆதி மதம்' என்பதும் அடிக்கடி காணும் தவறு. மரியா சபினா கத்தோலிக்கர். பாட்டிலே இயேசுவும் கன்னி மரியாவும் புனிதர்களும் வருவார்கள், கூடவே மலைகளுக்கு உரியவரான சீகோனும் வருவார். மரியா சபினா ஊர்த் தேவாலயத்தின் பெண்கள் சங்கத்திலும் இருந்தவர். காளானைப் 'புனிதக் குழந்தைகள்' என்று அழைப்பார்கள்; அது இயேசுவின் எச்சில் விழுந்த இடத்தில் முளைத்தது, ரத்தம் விழுந்த இடத்தில் முளைத்தது என்றெல்லாம் கதை சொல்வார்கள். எது பழசு எது புதுசு என்று பிரிக்கும் வேலை அவர்களுக்கு இல்லை, நமக்குத்தான் அந்த அவசரம்.

சரி, பழமை. பதினாறாம் நூற்றாண்டில் பெர்னார்டினோ டி சகாகூன் என்ற பாதிரியார், விருந்துகளில் தேனோடு காளான் உண்டு காட்சிகள் கண்டவர்களைப் பற்றி எழுதிவைத்தார். ஆனால் அவர் எழுதியது மத்திய மெக்ஸிகோவின் நவாட்டில் மொழி பேசியவர்களைப் பற்றி, ஆஸ்டெக்குகள் என்று நாம் சொல்கிறவர்களைப் பற்றி. இந்தக் காளானைக் குறிக்கும் தியோனனாகட்ல் என்ற சொல்லும் அவர்களுடையதுதான். அதை எடுத்து மசாடெக் தலையில் வைப்பது, கன்னடக் கல்வெட்டைக் காட்டித் தமிழ் வரலாறு எழுதுவது மாதிரி. மசாடெக் சடங்கு பழசாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு நம் கையில் உள்ள எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இனி, கண்டுபிடித்தவர் கதை. நியூயார்க்கின் ஜே.பி. மார்கன் வங்கியில் துணைத் தலைவராக இருந்த கார்டன் வாஸன் 1955 ஜூன் 29 இரவு மரியா சபினாவின் சடங்கில் காளான் உண்டார். 1957 மே மாதம் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி எழுதினார். அதனால் அவரே கண்டுபிடித்தார் என்பது வழக்கம். அவருக்கு முன்பே 1936-இல் ராபர்ட் வைட்லானர் வாவுட்லாவிலிருந்து காளான் மாதிரிகளை எடுத்து அனுப்பியிருந்தார். 1938-இல் ஜீன் பாஸெட் ஜான்சன் என்ற இளம் மானுடவியலாளர் குழுவோடு ஒரு வெலாடாவை நேரில் பார்த்துக் கட்டுரை எழுதினார். அதே சமயத்தில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஷல்டெஸும் அங்கே மாதிரி சேகரித்தார். மசாடெக் மொழியைக் கற்று அங்கேயே வாழ்ந்த மிஷனரி யூனிஸ் பைக் எழுதிய கடிதம்தான் வாஸனுக்கு வழிகாட்டியது. ஊர்க்காரர்களுக்கோ கண்டுபிடிக்க எதுவுமே இருக்கவில்லை.

வாஸனை ஒரேயடியாக வில்லனாக்குவதும் எளிது, ஆனால் அவர் செய்ததைச் செய்தபடி சொன்னாலே போதும். 1953-இல் முதன்முறை போனபோதே, கேள்வி இல்லாமல் சடங்கு நடக்காது என்று தெரிந்துகொண்டு, தன் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று ஒரு வைத்தியரிடம் கேட்டார். 1955-இல் மரியா சபினாவிடம் அவரை அழைத்துப் போனவர் ஊரில் பொறுப்பில் இருந்தவர். அதனால் மறுக்க முடியவில்லை என்று மரியா சபினா பிற்காலத்தில் சொன்னார். எடுத்த படங்களை நம்பிக்கையானவர்களைத் தவிர வேறு யாரிடமும் காட்டக் கூடாது என்பது பேச்சு. அவை 'லைஃப்' இதழில் வந்தன. வாஸன் கட்டுரையில் மரியா சபினாவின் பெயரை 'ஏவா மெண்டெஸ்' என்று மாற்றினார், இனத்தின் பெயரையும் மாற்றினார், ஒன்றும் பயன்படவில்லை. அறுபதுகளில் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். சடங்கும் விரதமும் இல்லாமல், பகலில், தெருவில் தின்றார்கள். போலீஸ் மரியா சபினா வீட்டுக்கு வந்தது. ஊராரில் சிலர் அவர்மேல் ஆத்திரப்பட்டார்கள், அவர் வீடு எரிக்கப்பட்டது. 1969-இல் ராணுவம் சாலையை மறித்து வெளிநாட்டினரை வெளியேற்றியது. வெளியாட்கள் வந்த பிறகு புனிதக் குழந்தைகள், அதாவது காளான்கள், வலுவிழந்துவிட்டன, கெட்டுவிட்டன என்பதுதான் மரியா சபினாவின் சொந்தத் தீர்ப்பு. அவர் 1985-இல் வறுமையில் இறந்தார். அவர் படம் போட்ட சட்டைகள் இன்றும் நன்றாக விற்கின்றன.

வாஸன் பின்னால் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. இருந்தது என்ற கதையிலும் அளவு மீறக் கூடாது. வாஸனின் 1956 பயணக் குழுவில் ஜேம்ஸ் மூர் என்ற வேதியியலாளர் சி.ஐ.ஏ.வின் ஆளாக மறைந்து சேர்ந்தது உண்மை, ஒரு அறக்கட்டளை பெயரில் 2,000 டாலர் வந்ததும் உண்மை. வாஸனே உளவாளி என்று அதை நீட்டிப் போவதற்கு ஆதாரம் இல்லை. மூருக்கு அந்தப் பயணம் வயிற்றுப்போக்கிலேயே கழிந்தது என்பது கொசுறு.

ஆய்வகத்தையும் வெலாடாவையும் ஒன்றாக்குவது இப்போதைய தவறு. ஸ்விஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958-இல் இந்தக் காளானில் உள்ள சைலோசைபின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். இன்று மனச்சோர்வுக்கு அதை வைத்து நடக்கும் பரிசோதனைகளில் அளவிட்ட மாத்திரை, கண்மறைப்பு, இசைத்தொகுப்பு, பக்கத்தில் பயிற்சி பெற்ற இருவர் எல்லாம் உண்டு. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களை முன்கூட்டியே விலக்கிவிடுவார்கள். அதன் முடிவுகளைக் காட்டி 'பழங்குடிகள் அன்றே அறிந்தது' என்பது பொருந்தாது. அவர்கள் நோய்க்குக் காரணமாகத் தேடியது பயத்தில் தொலைந்த ஆவியை, கோபித்த மலைத்தெய்வத்தை, யாரோ வைத்த செய்வினையை. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 1962-இல் ஹாஃப்மன் தன் மாத்திரைகளோடு வாவுட்லாவுக்கே போய் மரியா சபினாவிடம் கொடுத்தார். விடிந்ததும் அவர், மாத்திரையிலும் அதே ஆவி இருக்கிறது, இனிக் காளான் முளைக்காத மாதங்களிலும் வைத்தியம் பார்க்கலாம் என்று மகிழ்ந்தார். நம்மில் பலரைவிட அவர் இதில் பதற்றமில்லாமல் இருந்தார்.

காளான் மழைக்காலத்தில்தான் முளைக்கும், ஏறக்குறைய ஜூனிலிருந்து செப்டம்பர்வரை. மற்ற காலத்தில் மசாடெக் வைத்தியர்கள் சால்வியா என்ற செடியின் இலையையோ ஒரு வகைக் கொடியின் விதைகளையோ பயன்படுத்துவார்கள். எனவே 'காளான் மதம்' என்பதும் கொஞ்சம் மிகை. காளானும் ஒரே இனம் அல்ல. மலைச்சரிவு மண்ணில் வருவது, சாணத்தில் வருவது என்று பலவகை உண்டு. இவற்றில் எது நல்லது, எது யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு.

சட்டம். மெக்ஸிகோவில் காளானுக்குத் தடையே இல்லை என்று நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சைலோசைபின் 1971 ஐ.நா. உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, மெக்ஸிகோ சட்டத்திலும் அது தடைசெய்யப்பட்டதே. அங்குள்ள பழங்குடிகள் தங்கள் சடங்கில் பயன்படுத்தும் காட்டுத் தாவரங்களுக்கு மட்டும் அந்த நாடு உடன்படிக்கையில் விலக்குக் கேட்டுப் பெற்றது. அந்த விலக்கு சுற்றுலாப் பயணிக்கு எழுதப்பட்டது அல்ல.

நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. கொடைக்கானலில் 'போதைக் காளான்' விற்றவர்கள், வாங்கியவர்கள் கைது என்று செய்தி வராத ஆண்டு அபூர்வம். அங்கே விற்கிற ஆள் 'மெக்ஸிகோவில் சாமிக்குப் படைப்பது' என்று சொன்னால், அந்தக் கதைக்கும் அவர் கையில் உள்ள பொட்டலத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தியாவில் சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. அது ஒருபுறம் இருக்கட்டும். பழுப்பு நிறச் சிறு காளான்களில் கல்லீரலை அழிக்கும் நஞ்சுடைய இனங்களும் உண்டு. படம் பார்த்தோ செயலியில் தேடியோ பிரித்தறிய முடியாது. வயிற்றுவலியும் வாந்தியும் வந்து ஒரு நாள் அடங்கியதும் சரியாகிவிட்டது என்று தோன்றும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். யாராவது தின்றுவிட்டார்கள் என்று தெரிந்தால், மிச்சமிருக்கும் காளானை ஒரு காகிதத்தில் பொதிந்து கையோடு எடுத்துக்கொண்டு, வாந்தி நிற்கக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போலீஸுக்குப் பயந்து டாக்டரிடம் மறைக்கக் கூடாது.