இபெராவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் பயணத் திட்டத்தை அனுப்பி, "அண்ணே, ஒரு பார்வை பாருங்க" என்றான். அர்ஜென்டினாவில் பதின்மூன்று நாள், முழுக்கத் தரைவழி. மணிக்கணக்கு முதற்கொண்டு நிறம் பிரித்துப் போட்டிருந்தான். பத்தாம் நாள் காலை மெர்செடெஸ் என்ற ஊரில் இறங்கி இபெரா போகிறான். பன்னிரண்டாம் நாள் மாலை மெர்செடெஸுக்குத் திரும்பி இரவுப் பேருந்து. மறுநாள் காலை புவெனஸ் ஐரிஸ், அன்றைக்கே மாலை ஊருக்கு விமானம். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னுடைய முதல் பயணத் திட்டம் வரி பிசகாமல் இதேதான்.

இபெரா, அர்ஜென்டினாவின் வடகிழக்கில் கொரியென்டெஸ் மாகாணத்தின் நடுவே கிடக்கும் பெரும் சதுப்பு. குவாரனி மொழியில் 'மின்னும் நீர்' என்று பொருள். 1983இல் மாகாணக் காப்பகம் ஆனது. 2018இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. காபிபாரா, கெய்மன் முதலை, சதுப்பு மான், ஊளைக் குரங்கு என்று, முதுகுப்பையோடு போகிறவனும் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய இடம். தொப்பி போடுங்கள், கொசு மருந்து பூசுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எந்த வாசல் என்று பார்க்காமல் கிளம்புவது

வரைபடத்தில் ஒரே பச்சைத் திட்டாகத் தெரிவதால், உள்ளே போய்விட்டால் எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இபெராவுக்கு வாசல்கள் பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் வழி கிடையாது. நடுவில் இருப்பது தண்ணீர். வடக்கே இத்துசாயிங்கோ ஊர்ப் பக்கம் கம்பிரெத்தா வாசல். அந்த வட்டாரத்தில் அழிந்துபோன மக்காவ் கிளிகளைத் திரும்பக் கொண்டுவந்து பறக்கவிட்டது அங்கேதான். மேற்கே சான் நிகோலாஸ் வாசல். தெற்கே இருந்து போனால் கொலோனியா கார்லோஸ் பெல்லெக்ரினி என்ற சின்ன ஊர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நெடுஞ்சாலைக்குத் திரும்பி, மாகாணத்தையே சுற்றி வரவேண்டும்.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு என் வோட்டு பெல்லெக்ரினிக்குத்தான். அறை, படகு, வழிகாட்டி, ஏரி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும்.

இன்னொன்று. அங்கே போகும் சாலைக்கு எண் 40. ஆண்டீஸ் மலையை ஒட்டி நாட்டின் நீளத்துக்கும் ஓடும் புகழ்பெற்ற தேசியச் சாலைக்கும் எண் 40. நமக்கு வேண்டியது மாகாணச் சாலை. அந்த எண்ணை மட்டும் தேடிவிட்டு, மலைச் சாலையின் படங்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

120 கிலோமீட்டரை 120 கிலோமீட்டர் என்று நம்புவது

மெர்செடெஸிலிருந்து பெல்லெக்ரினி 120 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளையும் மண்ணும். காய்ந்து கிடந்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இடுப்பு மட்டும் கொஞ்சம் முனகும். மழை பெய்தால் அது சாலையே இல்லை. மண் ஊறிச் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். நிலம் தட்டை என்பதால் விழுந்த தண்ணீர் ஓட இடமில்லாமல் அங்கேயே நிற்கும். அப்படி நிற்பதால்தானே அது சதுப்பு! நாம் பார்க்கப் போகிற அதிசயமும், வழியில் சக்கரத்தைக் கவ்வுகிற சேறும் ஒரே காரணத்தில் பிறந்தவை என்பது எனக்கு உறைக்க ஒரு பயணம் முழுக்கத் தேவைப்பட்டது.

முதல் தடவை நான் அங்கே இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். மூன்றாம் நாள் அதிகாலை வேனில் மெர்செடெஸ், இரவு ஏழேகாலுக்குப் புவெனஸ் ஐரிஸ் பேருந்து. சீட்டை ஒரு மாதம் முன்னாலேயே தள்ளுபடியில் வாங்கியிருந்தேன். ரத்து செய்தால் காசு திரும்பாது. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் இரவு பத்து மணிக்கு மின்னல் ஆரம்பித்தது. தகரக் கூரையில் விடிய விடிய மழை. நாலு மணிக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். வேன் வரவில்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்கார அம்மா, மாத்தே என்ற அந்த ஊர் இலைத் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஓய், நோ" என்றார். 'இன்றைக்கு இல்லை.' அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

நான் கேட்கவில்லை. வீடு வீடாக ஓடி, பிக்கப் வண்டி வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். வழக்கமான கட்டணத்தைப் போல் பல மடங்கு சொன்னார். என்னைப் போலவே சீட்டு வாங்கி வைத்திருந்த இரண்டு பேர் சேர்ந்துகொள்ள, ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். முப்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டியதும் மாடு ஏற்றிய லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே திரும்பி, பின் சக்கரங்களைப் பள்ளத்தில் விட்டு நின்றது. எங்கள் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்து மாத்தே ஊற்றிக்கொண்டார். டிராக்டர் வந்து சேர நான்கு மணி நேரம். அப்புறம் சேற்றில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து மெர்செடெஸ் போனபோது மணி எட்டு.

பேருந்து போய்விட்டது. புதுச் சீட்டு, ஒரு இரவு அறை, தவறிய விமானத்துக்கு மாற்றுக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பெல்லெக்ரினியில் இன்னும் ஒரு வாரம் ராஜா மாதிரி தங்கியிருக்கலாம்.

பணம் போனது கூட மறந்துவிட்டது. மறக்காதது வேறு. அன்று காலை ஊரை விட்டு வெளியேறும்போது ஏரியின் மேலுள்ள இரும்புப் பாலத்தைக் கடந்தோம். கரையோர நாணலில், இருபது அடி தள்ளி, ஆண் சதுப்பு மான் ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. செம்பழுப்பு உடம்பு, கால் மட்டும் கரி பூசினது போல். கொம்பின் கிளைகளில் மழைத்தண்ணீர் சொட்டியது. அதற்கு முந்தின நாள் படகில் சுற்றி, தூரத்துப் புல்லுக்கு மேல் ஒரு ஜோடிக் காதை மட்டுமே பார்த்திருந்தேன். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து விரலை நீட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து "வாமோஸ், வாமோஸ்" என்றேன். போலாம், போலாம். அந்தச் சொல் இன்னும் காதிலேயே கிடக்கிறது. யாராவது இதே திட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினால் நான் சிடுசிடுப்பது அதனால்தான்.

தம்பியிடம் சொன்னேன். "மேப்புல ரெண்டு மணி நேரம் சொச்சம்னு காட்டுதே அண்ணே" என்றான்.

"மேப்புக்குச் சேறு தெரியாதுடா."

சரி, எப்படிச் செய்வது? வெளியேறும் பேருந்துச் சீட்டை முன்கூட்டி வாங்காதீர்கள். மெர்செடெஸுக்குத் திரும்பி வந்து வாங்குங்கள். அதற்குத் தைரியம் இல்லையென்றால், திரும்பிய இரவை மெர்செடெஸிலேயே கழித்துவிட்டு மறுநாள் சீட்டாக வாங்குங்கள். இபெராவைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். பின்னால் விமானம் காத்திருக்கவே கூடாது. பெல்லெக்ரினியில் மூன்று இரவு, அதற்கு மேல் எதற்கும் ஒதுக்காத ஒரு நாள். மழை வராவிட்டால் அந்த நாள் வீணாகுமே என்று கேட்பவர்களுக்கு: இன்னொரு படகுச் சவாரி போங்கள்.

வானிலைச் செயலியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நாளைக்கு மழையா என்பதைவிட, கடந்த மூன்று நாளில் அந்தச் சாலை எவ்வளவு குடித்திருக்கிறது, அதன் பிறகு வெயிலும் காற்றும் அடித்ததா என்பதுதான் முக்கியம். ஓர் இரவு கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் வெயில் காய்ந்தால் சீக்கிரம் இறுகிவிடும். மூன்று நாள் விடாத தூறல்தான் ஆபத்து. இதைச் சொல்லக்கூடிய ஆள் வேன் ஓட்டுநர். அவரிடம் முந்தின நாள் வாயால் கேளுங்கள். வேன் எல்லா நாளும் ஓடாது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். நான் போன சமயம் ஞாயிற்றுக்கிழமை எதுவுமே இல்லை.

பக்கத்து மாகாணத் தலைநகர் போசாதாஸிலிருந்து குறுக்கே வருவது

சொந்தமாக நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி (4x4) இல்லையென்றால், வேண்டாம்.

மெர்செடெஸில் மதியம் கடைக்குப் போவது

மதியம் கடைகள் மூடினால் மாலைதான் திறக்கும். ஊரே தூங்கும். பணமும் சாமானும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பெல்லெக்ரினியில் அட்டை தேய்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். இணைப்பு போனால் இயந்திரம் வெறும் பிளாஸ்டிக். பெசோ நோட்டாகவே, இரண்டு இரவு கூடுதலாகத் தங்கும் அளவுக்கு வைத்திருங்கள். எவ்வளவு என்பதைப் பழைய பயணக் குறிப்புகளில் தேடாதீர்கள். அந்த நாட்டு விலைவாசியில் போன வருட விலை என்பது பாட்டி காலத்து விலை.

படகில் ஏறியதும் ஜாகுவார் கேட்பது

இது ஓரளவு செய்திகளின் குற்றம். கொரியென்டெஸில் எழுபது ஆண்டுகளாக இல்லாமல் போயிருந்த ஜாகுவாரை 2021 ஜனவரியில் இபெராவில் திரும்ப விட்டார்கள்: மரியுவா என்ற தாயும் இரண்டு குட்டிகளும். அதற்கு முன்பே 2007இல் பெரும் எறும்புதின்னி வந்துவிட்டது. டக்ளஸ் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டின் டாம்ப்கின்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி வாங்கிய நிலங்கள் பூங்காவுக்குக் கொடையாகப் போனதில் நடந்த காரியங்கள் இவை. ஆனால் ஜாகுவார்களை விட்ட சான் அலோன்சோ, சதுப்பின் உள்ளே தண்ணீர் சூழ்ந்த இடம். பெல்லெக்ரினி ஏரியில் இரண்டு மணி நேரம் சுற்றுகிறவரின் கண்ணில் ஜாகுவார் படும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பவர், படகுக்காரர் மோட்டாரை அணைத்துவிட்டு நீண்ட கழியால் ஊன்றித் தள்ளும் நேரத்தைத் தவறவிடுகிறார். அதுதான் உச்சம். எம்பல்சாதோ என்கிற மிதக்கும் தாவரத் திட்டுகளை ஒட்டிப் படகு நுழையும். வேர் பின்னி, மண் சேர்ந்து, மரம் கூட முளைத்திருக்கும். ஆனாலும் அடியில் தண்ணீர்தான். அதன் விளிம்பில் கெய்மன் வாயைத் திறந்தபடி கிடக்கும். ஒரு கை நீளத்தில். வாய்க்குள் மஞ்சள் தோல், பல்லில் ஒட்டிய பாசி எல்லாம் தெரியும். கையைப் படகுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பருவத்துக்கும் ஒரே நேரத்தில் படகு

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மதிய வெயிலில் ஒன்றும் அசையாது; விடிகாலை அல்லது சாயங்காலம். ஜூன், ஜூலையில் கணக்கு தலைகீழ். அதிகாலைக் குளிரில் கெய்மன்கள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் கரையில் குளிர்காய வரும். குளிர்காலத்தில் ஒரே ஒரு சவாரிதான் முடியும் என்றால் முற்பகலை எடுங்கள்.

இருட்டியதும் அறைக்குள் போய்விடுவது

காபிபாராவுக்குப் படகே வேண்டாம். ஏரிக்கரையில் ஊராட்சி நடத்தும் முகாம் இடத்தில் கூடாரம் போட்டுப் படுங்கள். இரவில் ஐம்பது கிலோ எடையில் ஒரு பெருச்சாளிச் சொந்தக்காரர், உங்கள் தலைமாட்டில் புல்லைச் சரக் சரக்கென்று கடிக்கும் சத்தத்தில் விழித்துக்கொள்வீர்கள். ஏரிப் பக்கம் டார்ச் அடித்தால் கெய்மன்களின் கண்கள் கங்கு போலத் தெரியும். புல்லில் காலை வைக்கும் முன் தரைக்கும் ஒரு தடவை வெளிச்சம் அடியுங்கள், பாம்பு உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்வையாளர் மையத்தை ஒட்டி ஒரு குட்டிக் காட்டுப் பாதை இருக்கிறது. ஊளைக் குரங்கு அங்கேதான். ஆண் கறுப்பு, பெண் பொன்னிறம். அதற்குக் காலையில் போங்கள்.

ஜனவரி 8ஐ ஒட்டிப் போவது

மெர்செடெஸுக்கு வெளியே கௌச்சித்தோ ஹில் என்ற நாட்டுப்புறப் புனிதரின் கோயில் திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம். பேருந்திலும் இடமில்லை, ஊரிலும் அறையில்லை.

தடுப்பூசியை எல்லையில் வந்து நினைப்பது

கொரியென்டெஸ், மிசியோனெஸ் இரண்டு மாகாணத்துக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்.

பைனாகுலரை 'எடை' என்று வீட்டில் வைத்துவிட்டு வருவது

வால் இறகு இரண்டும் கறுப்புத் துணிப் பட்டை மாதிரி அகன்று தொங்க, புல்நுனியில் தத்தித் தத்திப் பறக்கும் ஒரு குருவி அங்கே உண்டு: யெத்தாப்பா தெ கொயார். உலகில் வேறெங்கும் அதைக் காண்பது அரிதாகிவிட்டது. சாலையோர வேலியிலேயே உட்காரும். வெறும் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. தம்பிக்கு என் பழைய எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலரைக் கொடுத்தேன். திட்டத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறான். இபெராவை ஐந்தாம் நாளுக்கு நகர்த்திவிட்டான். வெளியேறும் சீட்டை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறான். தள்ளுபடியாம்.