கிளைக்கு மின்னஞ்சல் போடும் முன்: வங்கிக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க" என்று ஒரு மின்னஞ்சல் வரைவைக் காட்டினார். ஒரு கிளை மேலாளருக்கு எழுதியது. ‘மேற்கண்ட கணக்கில் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகள் காணப்படுகின்றன. வாடிக்கையாளரிடம் விளக்கம் பெற்று இன்று மாலைக்குள் அனுப்பவும்.’ மொழி சுத்தம், மரியாதை சரி. ஏழெட்டு வருடத்துக்கு முன் நான் போட்ட மின்னஞ்சலை யாரோ பத்திரமாக எடுத்துவைத்திருந்து என்னிடமே நீட்டியது போல இருந்தது.

நாங்கள் செய்வது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு வேலை. கணினி எழுப்பும் அலர்ட்களைப் பார்ப்போம். சந்தேகம் நின்றால் டெல்லியில் இருக்கும் நிதி உளவுப் பிரிவுக்கு எஸ்டிஆர் என்கிற சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை போகும். தீவிரவாத நிதி, இணையவழித் திருட்டு இரண்டின் தடயமும் எங்கள் மேசையைக் கடந்துதான் போகிறது. பாஸ்வேர்டைத் திரையில் ஒட்டிவைக்காதே என்பது போன்ற பாடங்களை முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது பயிற்சி முடித்த பிறகும் செய்கிற தவறுகளைப் பற்றி.

தொகை சின்னதுதானே என்று மூடுவது

ஒரு மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் புரண்டால் தனி அறிக்கை போக வேண்டும். அதனாலோ என்னவோ, புதியவர்கள் எப்போதும் பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். கறுப்புப் பணத்தைப் பிடிக்க அந்தப் பழக்கம் உதவும். அங்கே பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தீவிரவாத நிதியில் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வருகிற பணம் சம்பளம், நன்கொடை, கடன் என்று சுத்தமாகவே இருக்கலாம்.

2008 மும்பைத் தாக்குதலில், தாக்கியவர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களோடு பேசப் பயன்பட்ட இணையத் தொலைபேசி இணைப்புக்கு, முந்தைய நாள் இத்தாலியின் பிரெஷியாவிலிருந்து வெஸ்டர்ன் யூனியன் வழியாகக் கட்டிய தொகை 229 டாலர். 2015 ஜனவரியில் பாரிஸில் யூதர் அங்காடிக்குள் புகுந்து சுட்ட அமேதி கூலிபாலி, அதற்கு முன் சாதாரண நுகர்வோர் கடனாக 6,000 யூரோ வாங்கியிருந்தார். 2001 செப்டம்பர் தாக்குதல்காரர்களின் ஃப்ளோரிடா கணக்குக்கு அமீரகத்திலிருந்து நான்கு தவணையாக 1,09,500 டாலர் வந்தது, கடைசித் தவணை மட்டும் 70,000. தாக்குதலுக்கு முன் அவர்கள் பரிவர்த்தனைகள் குறித்து எந்த வங்கியும் சந்தேக அறிக்கை அனுப்பவில்லை என்று விசாரணை ஆணையம் பதிவு செய்தது. விமானம் ஓட்டப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவருக்கு ஊரிலிருந்து பணம் வருகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வாடிக்கையாளரிடமே கேட்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப் போகிறேன்.

தென் மாவட்டத்தில் ஒரு கிளை. செல்போன் உதிரிபாகக் கடை ஒன்றின் நடப்புக் கணக்கு. ஆறு மாதம் சும்மா கிடந்தது. பிறகு ஒரே வாரத்தில் 41 யூபிஐ வரவுகள், ஒவ்வொன்றும் இரண்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்குள். அனுப்பியவர்கள் ஏழெட்டு மாநிலங்களில் இருந்தார்கள். வந்த பணம் அரை மணி நேரத்துக்குள் ஏடிஎம்மில் வெளியேறியது. அந்த ஏடிஎம் இருந்தது கடையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தள்ளி. இத்தனையும் காலை பத்தரைக்கு என் திரையில் இருந்தது. நான் என்ன செய்தேன்? கிளைக்கு மின்னஞ்சல் போட்டேன். தலைப்பில் ‘எஸ்டிஆர் தொடர்பாக, அவசரம்’ என்று வேறு.

கிளையில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கடை அதே தெருவில், முதலாளி பழக்கமானவர், கிளைக்குக் கொடுத்த நடப்புக் கணக்கு இலக்கில் இந்தக் கணக்கும் ஒன்று. போனை எடுத்து, "அண்ணாச்சி, மெட்ராஸ்லேர்ந்து உங்க அக்கவுண்ட் பத்தி கேக்காங்க, என்னன்னு ஒரு விளக்கம் குடுத்துருங்க" என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டரைக்கு. இரண்டு நாற்பதுக்குக் கணக்கில் மிச்சம் 11 ரூபாய். மாலை நான்கு மணிக்கு எனக்குப் பதில் வந்தது: ‘வாடிக்கையாளர் நேரில் வந்து விளக்கம் தருவதாகக் கூறியுள்ளார்.’ வரவில்லை. போனும் அணைந்துவிட்டது. சில மாதம் கழித்து வேறொரு மாநிலக் காவல்துறையிடமிருந்து, கணக்கு விவரம் கேட்டு, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு நோட்டீஸ் மட்டும் வந்தது.

போன பணம் பெரிய தொகை இல்லை. எனக்கு இன்றும் எரிச்சல் தருவது வேறு. நோட்டீஸ் வந்த பிறகு, நெட் பேங்கிங் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அண்ணாச்சி கணக்குக்குள் நுழைந்த அதே செல்போனிலிருந்து எங்கள் வங்கியின் இன்னும் ஆறு கணக்குகளுக்குள்ளும் நுழைந்திருந்தார்கள். வேறு வேறு கிளைகள், வேறு வேறு பெயர்கள். ஆறும் அன்று மாலையோடு அடங்கிவிட்டன. அண்ணாச்சி கணக்கை வாடகைக்கு விட்டவர், அவ்வளவுதான். எங்கள் பேச்சில் மியூல் கணக்கு. அவருக்கு அடித்த ஒரு போன், பின்னால் இருந்தவனுக்கு மணி அடித்துவிட்டது. அந்தப் பதிவுகளைப் பார்க்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். காலையிலேயே பார்த்திருந்தால் ஏழு கணக்குகளையும் சேர்த்து ஒரே அறிக்கையில் அனுப்பியிருப்பேன். அந்தப் பணம் கடைசியில் யாருக்குப் போனது, சாதாரண மோசடிக் கும்பலுக்கா, அதைவிட மோசமான எதற்காவதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த வழியை அடைத்தது நான்தான்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. எஸ்டிஆர் போவதை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி உத்தரவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விவரம் கேட்டாலே ஆள் உஷாராகிவிடுவான் என்று நியாயமாகத் தோன்றினால், கேட்பதை விட்டுவிட்டு நேராக எஸ்டிஆர் போடு என்கிறது. பயிற்சியில் இந்த வரியை எல்லாரும் அடிக்கோடு போடுகிறார்கள். பிறகு இருக்கைக்கு வந்து மின்னஞ்சலைத் தட்டுகிறார்கள்.

சரி, அவர் நேரில் வந்து விளக்கமே கொடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? "நண்பர்களுக்குக் கொடுத்த கைமாத்து, திரும்பி வருது." நான் அதை ‘விளக்கம் திருப்திகரம்’ என்று எழுதி அலர்ட்டை மூடியிருப்பேன். அந்த வயதில் அப்படி மூடியவை எத்தனையோ. விளக்கம் வேறு, ஆதாரம் வேறு என்று புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இப்போது தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். முதலில் வீட்டுக்குள் இருப்பதைப் பாருங்கள். அதே கைபேசி எண்ணை, முகவரியை வேறு யார் கொடுத்திருக்கிறார்கள்? எந்தச் சாதனம், எந்த ஐபி முகவரி? பெரிய வரவுக்கு முன்னால் யாராவது ஒரு ரூபாய் போட்டுச் சோதித்தார்களா? கணக்கு தொடங்கும்போது தொழில் என்ன, மாத வருமானம் என்ன என்று எழுதியிருக்கிறார்? அப்புறமும் கிளையிடம் கேட்டே ஆக வேண்டும் என்றால், வாடிக்கையாளரைத் தொடாமல் கிளையே தரக்கூடியதைக் கேளுங்கள்: விண்ணப்பக் கோப்பு, ஏடிஎம் கேமரா பதிவு, கடை உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்பது. அதையும் மேலாளர் ஒருவரிடம் மட்டும், போனில். கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய இருபது கணக்குகளின் பட்டியலில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. ‘சந்தேகம்’ என்ற சொல் உங்கள் மாடியைத் தாண்டிப் போக வேண்டாம்.

எஸ்டிஆர் போட்டாச்சு, கணக்கை முடக்குங்கள்

எஸ்டிஆர் போட்ட ஒரே காரணத்துக்காகக் கணக்குக்குக் கட்டுப்பாடு போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டதும் புதியவர்களுக்குக் கோபம் வரும். முடக்கினால் ஆளுக்குத் தெரிந்துவிடும், பணம் அடுத்து எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஐநா தடைப் பட்டியலோடு ஒருவர் சந்தேகத்துக்கு இடமின்றிப் பொருந்தினால் கதை வேறு. அது உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு. பரிவர்த்தனையை நிறுத்திவிட்டு, 24 மணி நேரத்துக்குள் உள்துறை அமைச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

பெயரை வைத்தே முடிவுக்கு வருவது

பட்டியல் மென்பொருளுக்கு நம் ஊர்ப் பெயர் புரியாது. இனிஷியலைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி இருக்கிறதோ அத்தனைக்கும் அலர்ட் வரும். பிறந்த தேதி, ஊர், தந்தை பெயர் எதையும் ஒப்பிடாமல் ‘பொருத்தம்’ என்று எழுதினால், ராமநாதபுரத்தில் ஒரு பெரியவரின் பென்ஷன் நின்றுபோகும். மதம் ஒரு அறிகுறி அல்ல. இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

சலித்துப்போய் நூறு அலர்ட்களையும் ஒரே சொடுக்கில் மூடுவது இதற்கு நேர் எதிரான தவறு. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து திருடர்கள், வங்கிகள் ஒன்றுக்கொன்று பணம் அனுப்பச் சொல்லும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக, 35 உத்தரவுகளில் 95.1 கோடி டாலர் கேட்டார்கள். பணம் போக வேண்டிய மணிலா வங்கிக் கிளை ஜூபிடர் தெருவில் இருந்தது. ஈரான் தடைப் பட்டியலில் அதே பெயரில் ஒரு கப்பல் நிறுவனம் இருந்ததால், உத்தரவுகள் தடுக்கிக்கொண்டன. 30 உத்தரவுகள், 85 கோடி டாலர் தப்பியது. தப்பான பொருத்தம்தான். ஆனாலும் நியூயார்க்கில் யாரோ ஒருவர் அதை மூடிவிடாமல் திறந்து படித்திருக்கிறார். இலங்கையில் ஒரு அறக்கட்டளைக்குப் போக வேண்டிய 2 கோடி டாலரும், ஃபவுண்டேஷன் என்பதில் இருந்த எழுத்துப்பிழையால் மாட்டிக்கொண்டது.

சைபர் என்றால் ஐடிக்காரர்கள் வேலை

அந்தத் திருட்டில் 8.1 கோடி டாலர் மணிலாவில் நான்கு கணக்குகளுக்குப் போனது. 2015 மே மாதம் தொடங்கிய கணக்குகள், ஆளுக்கு 500 டாலர் போட்டு ஒன்பது மாதம் அசையாமல் கிடந்தவை. வைரஸ், ஹேக்கர் என்று எல்லாரும் டாக்காவைப் பற்றியே பேசுகிறார்கள். நான்கு கணக்குகளும் ஒரே மாதிரி தூங்கி, ஒரே நாளில் விழித்ததைப் பார்க்க வேண்டியவர் என்னைப் போல ஒருவர்.

நம் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில் ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்கு மூன்று போலி ஸ்விஃப்ட் உத்தரவுகள் போயின. டாக்காவில் நடந்தது போலவே, ஸ்விஃப்ட் செய்திகளை அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மறுநாள் கணக்கை ஒத்துப்பார்த்தபோதுதான் தெரிந்தது. பிரிண்டர் ரிப்பேர் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் எல்லாருக்கும் தோன்றும்.

2022 ஏப்ரல் உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஐடி பிரிவும் சொல்லிவிடுகிறது. நான்காம் மாடியில் இருக்கும் எங்களுக்குத்தான் தகவல் வந்து சேர ஆறு வாரம். இப்போது வாரம் ஒருமுறை அவர்களோடு டீ குடிக்கிறேன். அலுவலகச் சுற்றறிக்கைகளைவிட அது வேலை செய்கிறது.

‘வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனை’ என்று அறிக்கையில் எழுதுவது

எந்த வழக்கத்துக்கு?

பயத்தில் எல்லாவற்றுக்கும் எஸ்டிஆர் போடுவது

டெல்லியில் அதைப் படிக்கிறவரும் மனிதர்தான்.

விடுமுறையை மறந்துவிடுவது

டாக்கா திருட்டு நடந்தது வியாழன் இரவு. வெள்ளி, சனி அங்கே வாரவிடுமுறை, அப்புறம் நியூயார்க்கில் ஞாயிறு, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. செவ்வாய் காலை வங்கி திறந்தபோது நிறுத்தச் சொல்லும் செய்தி வந்து கிடந்தது, அன்றும் பணம் வெளியே போனது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் வங்கியிலிருந்து ஏறக்குறைய 94 கோடி ரூபாய் போனபோது, ஏடிஎம் பணம் 28 நாடுகளில் எடுக்கப்பட்டது இரண்டாம் சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள்தான், இப்படி ஒரு ஏடிஎம் கொள்ளை நடக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ வங்கிகளை எச்சரித்திருந்தது.

எங்கள் பிரிவில் இப்போது பண்டிகைக்கு யார் ஊருக்குப் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே சுவரில் ஒட்டிவிடுகிறோம். இந்தப் பொங்கலுக்கு நானும் அந்தத் தம்பியும்.