சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் வேண்டாம்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீட்டை வாங்கியவர்கள் முதலில் கூப்பிடுவது கொத்தனாரைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அனுமதி வாங்கிய பிறகுதான் கடப்பாரையை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒவ்வோர் அறையையும் அளந்து படம் எடுத்து வையுங்கள். கழற்றிய கதவு எந்த வாசலில் இருந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சிமென்ட். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியவை. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிப் போய்விடும். கடலோர ஊர், அதனால் ஈரத்தோடு உப்பும் வரும். காரை பொரிவதைப் பார்த்துப் பயந்து சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து அதை மாவாக்குகிறது. வெளியே சுவர் வழவழவென்று இருக்கும். ஒரு நாள் சிமென்ட் பாளமாகச் செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே கெடுதலைச் செய்கிறது. சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினால் மெதுவாகத்தான் இறுகும். அந்தப் பொறுமை இல்லாத ஒப்பந்ததாரர் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் மாடி. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து, மேலே தட்டை ஓடு பதித்ததுதான் மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது என்று அதன் மேல் கான்கிரீட் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டியும் ஏற்றாதீர்கள். கட்டையின் நுனி சுவருக்குள் இருக்கிறது. அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும், கீழே நின்று பார்த்தால் தெரியாது. 2014 நவம்பர் மழையில், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள், சரி. ஆனால் போன சுவர் போனதுதான்.

முற்றத்தை ஷீட் போட்டு மூடினால் வீட்டின் சூடு மேலே போக இடமில்லை. பாதுகாப்புக்குக் கம்பி வலை போதும்.

கடைசியாகத் திண்ணை. வைசியாள் வீதியில் திண்ணைகளையும் தெருத் தாழ்வாரங்களையும் வரிசையாக மீட்டெடுத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று ஒருவர் திண்ணையை இடித்தாலும் அந்த வரிசை அறுந்துவிடும்.