வேலிடேட்டர் 40 பிழை காட்டினால் முதல் பிழையைத் திருத்துங்கள்

உங்கள் வலைப்பக்கத்தை, அதன் குறியீட்டில் உள்ள பிழைகளைக் காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டர் என்ற இணையக் கருவியில் போட்டதும் 40 பிழை வந்து நிற்கிறதா? முழுப் பட்டியலோடும் மல்லுக்கட்ட வேண்டாம். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். பல நேரம் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் குறியீடு மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. மேலே ஒன்று தவறினால் கீழே சரியாக எழுதியதும் தவறாகத் தெரியும். இணைப்பு முகவரியின் கடைசியில் மூடும் மேற்கோள்குறி விட்டுப்போனால், அடுத்த மேற்கோள்குறி வரும்வரை உள்ள எழுத்து, டேக் (கோண அடைப்புக்குள் வரும் குறி) எல்லாமே முகவரியோடு சேர்ந்துவிடும். பிரவுசரில் நன்றாகத்தானே தெரிகிறது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரவுசர் பிழையைச் சொல்லாது, தானே ஒட்டுப்போட்டுக் காட்டும். மூடாத ஒரு டிவ்வால் (பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் டேக்), பக்கத்தின் அடியில் வரும் ஃபூட்டர் நடுப்பகுதிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். நாம் காரணத்தை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் மணிக்கணக்காகத் தேடிக்கொண்டிருப்போம்.

படங்களுக்கு ஆல்ட் (படத்தை விளக்கும் மாற்று உரை) எழுதாதது போன்ற பிழைகளுக்கு இந்த வழி உதவாது. அவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் தனியாக எழுதித்தான் ஆகவேண்டும். அப்புறம், ஜாவாஸ்கிரிப்ட் பிறகு உருவாக்கும் பகுதிகள், பக்க முகவரியை மட்டும் கொடுத்துச் சோதித்தால் வேலிடேட்டரின் கண்ணில் படாது.