உள்ள நடக்கறதுக்கு யார்கிட்ட கணக்கு கேக்கறது? ஜெயில்ல ஆளு இருக்கிற டெல்டா குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜாமீன் எடுக்கறது எப்படின்னு தேடி வந்திருந்தீங்கன்னா வக்கீல பாருங்க. உள்ள இருக்கிறவருக்கு மாத்திரை குடுக்கல, வாய்தாவுக்கு கூட்டிட்டு போகல, மனு பாக்க (அதாவது உள்ள இருக்கிறவர நேர்ல பாத்து பேச) போனா திருப்பி அனுப்பிட்டாங்க, அடிச்சிருக்காங்க, ஜாமீன் கெடச்சும் வெளிய விடல, இந்த மாதிரி விஷயத்துல அரசாங்கத்த எப்படி பதில் சொல்ல வைக்கறதுங்கறததான் இங்க எழுதப்போறேன்.

நம்ம பக்கத்து ஆளுங்க வழக்கமா பண்றது என்னன்னா நாகப்பட்டினத்துலேந்தோ திருத்துறைப்பூண்டிலேந்தோ விடியக்காலைல பஸ் புடிச்சு திருச்சி போயி, சென்ட்ரல் ஜெயில் கேட்ல நிக்கற வார்டன்கிட்ட சண்ட போட்டு, அழுது, சாயங்கால பஸ்ல திரும்பி வந்துடறது. சில பேரோட ஆளு கடலூர்ல இருப்பாங்க, அங்கயும் இதே கததான். அந்த வார்டனுக்கு உங்க பிரச்சினைய தீக்கற அதிகாரம் கெடையாது, நீங்க வந்து கேட்டீங்கங்கறதுக்கு ஒரு ரெக்கார்டும் இருக்காது. வாயால கேட்டது கேட்ட மாதிரியே இல்ல. இத மட்டும் மண்டைல ஏத்திக்கங்க.

அதனால மொதல் வேலை, எந்தக் குறைக்கு எந்த நாற்காலி பொறுப்புன்னு பிரிக்கறது. சிறைங்கறது அரசியலமைப்பு ஏழாவது அட்டவணைல மாநிலப் பட்டியல்ல இருக்கு, அதனால எம்பிய புடிச்சு டெல்லிக்கு லெட்டர் போட்டா அது சுத்தி சுத்தி கடைசில சென்னைக்குத்தான் வரும். இங்க வரிசை இப்படி: ஜெயிலர், அவருக்கு மேல சூப்பிரண்டு, அவருக்கு மேல திருச்சி சரக டிஐஜி, அதுக்கு மேல எழும்பூர்ல சிறைத்துறை தலைமை அலுவலகம், அதுக்கும் மேல உள்துறை செயலாளர். சாப்பாடு, தண்ணி, மனு பாக்கறது, உள்ள நடக்கற அடி, ஜெயில் ஆஸ்பத்திரி இதெல்லாம் இந்த வரிசைல வரும்.

ஆனா வாய்தாவுக்கு கூட்டிட்டு போகலன்னா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலன்னா பெரும்பாலும் காரணம் வழிக்காவல் போலீஸ், அதாவது கைதிய வெளிய கூட்டிட்டு போற காவல், வரலங்கறதுதான், அது ஆயுதப்படை வேலை, அதுக்கு பதில் சொல்ல வேண்டியது எஸ்பி (திருச்சி மாதிரி சிட்டின்னா கமிஷனர்). ஜெயில்காரங்க "நாங்க எழுதிட்டோம், போலீஸ் வரல"ம்பாங்க, போலீஸ் "எங்களுக்கு லெட்டரே வரல"ம்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தனித்தனியா மனு போடுங்க, ஒரு மனுவோட நகல இன்னொண்ணுல இணைங்க. அப்பதான் யாராவது ஒருத்தர் தேதியோட எழுதி பதில் சொல்லியாகணும். உங்க ஆளுக்கு குடுத்த இலவச வக்கீல் வரவே மாட்டேங்கறாருன்னா அது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பொறுப்பு. காவல்ல இருக்கிற யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல பிரிவு 12, வருமான சர்டிபிகேட் கேட்டா அது தப்பு. போன் 15100.

மனு எழுதறப்ப கதை வேணாம். பேரு, அப்பா பேரு, கைதி எண், எந்த பிளாக், கேஸ் நம்பர், என்ன நடந்துச்சு, எந்த தேதி, நீங்க கேக்கறது என்ன. ஒரு பக்கம் போதும். தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க, ரெஜிஸ்டர் தபால 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால கவுண்டர்ல டெலிவரி ஒப்புகையும் வேணும்னு கேட்டு வாங்குங்க. 1100க்கு போன் பண்ணி முதல்வர் தனிப்பிரிவுல பதிஞ்சா ஒரு நம்பர் கெடைக்கும், அதுவும் ரெக்கார்டுதான், ஆனா அத மட்டும் நம்பி உக்காராதீங்க, சுத்தி வந்து அதே சூப்பிரண்டு டேபிளுக்குத்தான் போகும்.

இப்ப ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல போடற மனு. 10 ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், கோர்ட் வாசல்ல ஸ்டாம்ப் வெண்டர்கிட்ட கெடைக்கும், வறுமைக்கோட்டுக்கு கீழ உள்ளவங்களுக்கு அதுவும் வேணாம். சிறை சூப்பிரண்டு அலுவலகத்துல இருக்கிற பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. நெறைய பேரு இங்க சொதப்பறது "ஏன் என் மகனுக்கு மருந்து தரல?"ன்னு எழுதறது. ஏன்னு கேட்டா "இது தகவல் அறியும் சட்ட வரம்புக்குள் வராது"ன்னு ரெண்டு வரில முடிச்சிடுவாங்க. கையில இருக்கிற பேப்பரத்தான் கேக்கணும், இப்படி:

"இந்த தேதி முதல் இந்த தேதி வரை வெளி மருத்துவமனைக்கு அனுப்ப வழிக்காவல் கேட்டு காவல்துறைக்கு அனுப்பிய கடிதங்களின் நகல். வழிக்காவல் வராததால் திருப்பி அனுப்பப்பட்ட முறைகளின் எண்ணிக்கை. சிறை மருத்துவர் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்டவை எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. சிறையின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு, இன்றைய இருப்பு. பார்வையாளர் குழு கடைசியாக வந்த தேதி, அவர்கள் எழுதிய குறிப்பின் நகல்."

கடைசி கேள்விய விட்டுடாதீங்க. ஜெயில பாக்க அதிகாரிங்க, வெளியாளுங்க ரெண்டு பேரும் இருக்கிற பார்வையாளர் குழுன்னு ஒண்ணு இருக்கணும், கலெக்டர், நீதிபதி எல்லாம் அதுல உண்டு. அவங்க வந்து என்ன எழுதிட்டு போனாங்க, அதுக்கு சூப்பிரண்டு என்ன செஞ்சாருங்கறது பேப்பர்ல இருக்கணும். குழுவே போடலன்னாலும் சரி, வந்துட்டு "நன்று"ன்னு கையெழுத்து மட்டும் போட்டுட்டு போயிருந்தாலும் சரி, அந்த பதில் பின்னாடி கோர்ட்டுக்கு போறப்ப உதவும்.

30 நாள்ல பதில் வரணும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம், பிரிவு 7(1), அத மேலயே கொட்டையா எழுதுங்க, ஆனா நெஜமாவே அப்படி இருந்தா மட்டும், எல்லாத்துக்கும் போட்டா யாரும் மதிக்க மாட்டாங்க. பதில் வரலன்னா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் சரிவரலன்னா 90 நாளுக்குள்ள சென்னைல தகவல் ஆணையம். நியாயமான காரணம் இல்லாம இழுத்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம் போட சட்டத்துல எடம் இருக்கு. அப்பறம், உள்ள இருக்கிறவரோட மெடிக்கல் ரெக்கார்ட நீங்க கேட்டா தனிப்பட்ட தகவல்னு மறுப்பாங்க. அத அவரே உள்ளேந்து எழுதி கேக்கட்டும், கைதியும் குடிமகன்தான், ஆர்டிஐ போடலாம்.

அடுத்தது ரொம்ப பேருக்கு தெரியாத விஷயம், இதுலதான் அரசாங்கத்த நேரா மடக்க முடியும். 2024 ஜூலை 1லேந்து பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்ற நடைமுறைச் சட்டம், பிஎன்எஸ்எஸ், அதுல பிரிவு 479. விசாரணை கைதி, அந்த குத்தத்துக்கு அதிகபட்ச தண்டனை எவ்வளவோ அதுல பாதி காலம் உள்ள இருந்துட்டா விடணும், முன்ன எந்த கேஸ்லயும் தண்டனை வாங்காத முதல் தடவ ஆளுன்னா மூணுல ஒரு பங்கு. பம்ப்செட் மோட்டார் திருடுனான்னு சாதாரண திருட்டு கேஸ் போட்டிருக்காங்கன்னு வைங்க, அதுக்கு அதிகபட்சம் 3 வருஷம், முதல் தடவன்னா ஒரு வருஷம் ஆனதும் கணக்கு வந்துடும். மரண தண்டனை, ஆயுள் வரைக்கும் போகக்கூடிய கேஸுக்கு இது கெடையாது, ஒண்ணுக்கு மேல கேஸ் நிலுவைல இருந்தாலும் கஷ்டம். முக்கியமானது என்னன்னா, அந்த காலம் முடிஞ்சதும் கோர்ட்டுக்கு எழுதி குடுக்க வேண்டிய கடமை ஜெயில் சூப்பிரண்டோடதுன்னு சட்டத்துலயே இருக்கு, நீங்க கெஞ்ச வேண்டியதில்ல. பழைய கேஸுக்கும் இது பொருந்தும்னு 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல முடிவாயிடுச்சு. ஆக ரிமாண்ட் ஆன தேதிய கண்டுபுடிச்சு நாள எண்ணி, "பிரிவு 479(3)படி மனு அனுப்பியாச்சா, அனுப்புன தேதி என்ன"ன்னு சூப்பிரண்டுக்கு ஒரு லெட்டர், நகல் சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு. மாவட்ட நீதிபதி தலைமைல விசாரணை கைதிகள் மறுஆய்வுக் குழு ஒண்ணு இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருதடவ கூடணும்னு 2016 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சொன்னது. உங்க ஆளு பேரு அந்த லிஸ்ட்ல வந்துச்சான்னும் கேளுங்க.

ஜாமீன் ஆர்டர் வந்தும் சூரிட்டி (பிணை) குடுக்க ஆள் இல்லாம, பணம் இல்லாம உள்ளயே கெடக்கறவங்க நம்ம ஊர்ல நெறைய. நெலம் இருக்கிறவன் சூரிட்டி நிக்க மாட்டான், நிக்கறேங்கறவனுக்கு நெலம் இருக்காது. 2023 ஜனவரி 31 சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி ஜாமீன் கெடச்சு 7 நாள்ல ஆளு வெளிய வரலன்னா சூப்பிரண்டே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தெரிவிக்கணும். அதோட ஏழை கைதிகளுக்கு மத்திய அரசு திட்டம் ஒண்ணு 2023ல வந்துச்சு, விசாரணை கைதிக்கு ஜாமீன் தொகையும் தண்டனை கைதிக்கு அபராதத் தொகையும் ஒரு வரம்பு வரைக்கும் கட்டுவாங்க (2023ல அது 40,000, 25,000னு இருந்துச்சு), முடிவு பண்றது கலெக்டர் இருக்கிற மாவட்டக் குழு. கலெக்டர் ஆபீஸ் திங்கக்கெழம குறைதீர் கூட்டத்துல பட்டா மனு குடுக்கற வரிசைல நின்னு இதுக்கும் மனு குடுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஒப்புகை சீட்டும் கெடைக்கும்.

அடி விஷயம் வேற. இதுக்கு 30 நாள் காத்திருக்க முடியாது. ரிமாண்ட் நீட்டிக்க மாஜிஸ்ட்ரேட் முன்னாடி, நேர்லயோ வீடியோலயோ, நிறுத்தறப்ப உங்க ஆளு வாயத்தொறந்து "என்ன அடிச்சாங்க, காயம் இருக்கு, டாக்டர் பாக்கணும்"னு சொல்லணும், அத பதிவு பண்ணச்சொல்லி வக்கீல் கேக்கணும். மனு பாக்கறப்ப அவருகிட்ட மொதல்ல கேட்டுக்கங்க, அவருக்கு சம்மதமான்னு. ராத்திரி உள்ள இருக்கப்போறது அவரு, நீங்க இல்ல. பயமா இருந்தா வேற பிளாக்குக்கோ வேற சிறைக்கோ மாத்தணும்னும் சேத்து கேக்கலாம்.

அடுத்து மனித உரிமை ஆணையம். மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் ஒரே நேரத்துல போடாதீங்க, ஒரு எடத்துல நிலுவைல இருந்தா தேசிய ஆணையம் எடுக்காது. நடந்த தேதிலேந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அது தாண்டுனா தள்ளிடுவாங்க. வக்கீலும் வேணாம் ஃபீஸும் வேணாம்.

பெருசுன்னா ஐகோர்ட். இங்க டெல்டாக்காரங்களுக்கு ஒரு குழப்பம் உண்டு: தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டமெல்லாம் மதுரை கிளைக்கு போகும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை சென்னைக்கு. நடந்த எடம் எந்த மாவட்டத்துல வருதுங்கறத வச்சு வக்கீல் சொல்லுவாரு, நீங்களா பஸ் ஏறிடாதீங்க. கோர்ட்டு நம்மள மாதிரி ஆளுங்க பேச்ச கேக்குமான்னு நெனைக்க வேணாம். டெல்லி திஹார் ஜெயில்லேந்து சுனில் பத்ராங்கற கைதி, இன்னொரு கைதிய வார்டன் கொடுமப்படுத்துனத எழுதுன லெட்டரையே மனுவா எடுத்து சுப்ரீம் கோர்ட் 1979ல தீர்ப்பு குடுத்துச்சு. நம்ம ஊர்லயும் 2024ல வேலூர் சிறை ஆயுள் கைதி ஒருத்தர பெண் டிஐஜி வீட்டு வேலைக்கு வச்சுக்கிட்டு, திருட்டுப்பழி போட்டு அடிச்சாங்கன்னு அவரோட அம்மா ஐகோர்ட்டுக்கு போனாங்க. சிபிசிஐடி கேஸ் ஆச்சு, டிஐஜி வரைக்கும் சஸ்பெண்ட். அந்தம்மா கேட்டோட நின்னிருந்தா அது வெளியவே வந்திருக்காது.

உள்ள யாராவது எறந்துட்டா, இத சொல்லவே மனசு வரல, ஆனா தெரிஞ்சிருக்கணும். 24 மணி நேரத்துல தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு தகவல் போகணும், 1993லேந்து இந்த உத்தரவு இருக்கு. மாஜிஸ்ட்ரேட் விசாரணை கட்டாயம், பிஎன்எஸ்எஸ் பிரிவு 196, அந்த விசாரணைல குடும்பம் கூட இருக்கலாம். போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்ன உடம்ப முன்னும் பின்னும் பாக்க, வீடியோ எடுக்க குடும்பத்துக்கு உரிமை உண்டுன்னு மதுரை கிளை 2020 டிசம்பர்ல சொல்லியிருக்கு. சீக்கிரம் கையெழுத்து போடுங்க, பாடிய எடுத்துட்டு போங்கன்னு அவசரப்படுத்துவாங்க, ஊர்ல சொந்தக்காரங்களே "போனது போச்சு"ம்பாங்க, படிச்சு பாக்காம எதுலயும் கையெழுத்து போடாதீங்க. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் நகல எழுதி கேளுங்க. நஷ்டஈடு அரசாங்கம் போடற பிச்சை இல்ல, 1993 நீலாபதி பெஹரா கேஸ்லயே மகன காவல்ல பறிகுடுத்த அம்மாவுக்கு ஒரிசா அரசு ஒன்றரை லட்சம் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அவங்களும் ஒரு லெட்டர்தான் போட்டிருந்தாங்க.

இன்னொண்ணு, ஜாதி. எந்த ஜாதின்னு கேட்டு பிளாக் பிரிக்கறது, கக்கூஸ் வேலைய ஒரு சில ஜாதிக்கு ஒதுக்கறது எல்லாம் 2024 அக்டோபர் 3 சுகன்யா சாந்தா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்போட செல்லாது, ரெஜிஸ்டர்ல ஜாதிக்குன்னு கட்டமே இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. பாளையங்கோட்டைல ஜாதிவாரியா பிரிச்சு வச்சிருந்தத அந்த தீர்ப்புல பேர் சொல்லியே கண்டிச்சிருக்காங்க. அது தெக்க, நமக்கென்னன்னு இருக்காதீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு மனு பாக்கறப்ப கேளுங்க, இருந்துச்சுன்னா தீர்ப்ப குறிப்பிட்டு எழுதுங்க.

தனி ஆள் பிரச்சினை தாண்டி மொத்தமா கேக்கணும்னு நெனைக்கறவங்க, சங்கம் வச்சிருக்கிறவங்களுக்கு: வருஷா வருஷம் சட்டசபைல சிறைத்துறை மானியக் கோரிக்கை வர்றப்ப கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புக் குடுப்பாங்க, அரசு வெப்சைட்ல தமிழ்லயே இருக்கும். கொள்ளளவு, ஒதுக்கின பணம், செஞ்ச வேலைன்னு எல்லாம் அதுல இருக்கும். மாநிலங்கள ஒப்பிட்டு வரிசைப்படுத்தற இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட்ல சிறைகள் பிரிவுல 2022ல தமிழ்நாடுதான் முதல் எடம்னு பெருமையா சொல்லுவாங்க, நெஜந்தான், மத்த மாநிலத்தோட பாத்தா நம்மகிட்ட நெரிசல் கம்மி. ஆனா அது மாநில சராசரி, உங்க ஊர் கிளைச்சிறைல ஒரு ரூம்ல எத்தன பேருன்னு அதுல தெரியாது. ஆர்டிஐல வந்த உங்க சிறை நம்பரையும் புக்ல இருக்கிற நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எங்க இடிக்குதோ அந்த எடத்த ரெண்டு வரி கேள்வியா எழுதி எம்எல்ஏ கைல குடுங்க. "பாத்து பேசுங்கண்ணே"ன்னா மறந்துடுவாரு, கேள்வியே எழுதி டைப் பண்ணி குடுத்தா கையெழுத்து போட்டு சபைக்கு அனுப்பறதுக்கு அவருக்கும் சுலபம். பட்ஜெட் கூட்டத்தொடர் தேதி அறிவிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க.